சட்டாம்பிள்ளையும் தொடுதிரையும்

ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காகச் சென்னை எழும்பூரில் ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. 1789-ல் அதன் கண்காணிப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் காலையில் குதிரையில் உலாவப் போனவர் வழியில் ஒரு ‘மலபார்’ பள்ளியைப் பார்த்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்குத் தமிழர்களும் மலபார்கள்தாம். தரையில் பரப்பிய மணலில் சின்னப் பிள்ளைகள் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். விடுதிக்குத் திரும்பிய பெல், தன் உதவி ஆசிரியரிடம் இதைச் செய்து பார்க்கச் சொன்னார். ஆகாத காரியம் என்றார் அவர். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டுச் சின்ன வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதது பையனால் ஆயிற்று.

1797-ல் பெல் இந்தச் சோதனையை லண்டனில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். மறு வருஷமே ஜோசப் லங்காஸ்டர் சவுத்வார்க்கில் இதை ஒத்த முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த ஆரம்பித்தார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு பெல்லின் ஏற்பாடு இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பெல் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யும் அளவுக்கு மரியாதை. அவருக்கு அந்த மணலைக் காட்டிய திண்ணை வாத்தியார் யார், எந்தத் தெருக்காரர் என்று யாரும் கேட்கவில்லை.

திருநெல்வேலிச் சீமையின் திண்ணைப் பள்ளிகளிலும் இவைதாம் கருவிகள்: மணல், புளியங்கொட்டை, ஓலை, எழுத்தாணி. விரல் மணலில் பழகிய பிறகுதான் கைக்கு எழுத்தாணி வரும். எண்சுவடியும் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் வாய்ப்பாடமாக ஓடும். கார், பிசானம் என்று இரண்டு போகம் விளையும் தாமிரபரணிக் கரையில் நெல்லிலக்கம் தெரியாதவன் களத்துமேட்டில் ஏமாந்துதான் போவான். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான், அவன்தான் சட்டாம்பிள்ளை. வாத்தியார் இல்லாத நேரத்தில் பிரம்பும் அவன் கையில்தான். இதையெல்லாம் பொற்காலமாக நினைத்து உருக நான் தயாரில்லை. அந்தத் திண்ணை எல்லாச் சாதிக்கும் உரியதல்ல, பெண்பிள்ளைகளுக்கு அநேகமாக இல்லை. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் முதலான மிஷனரிகள் பள்ளிகளைத் திறந்த பிறகே அந்தக் கதவு கொஞ்சமாவது அசைந்தது. ஆனால் கருவியை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. மணல் பிள்ளையின் விரலுக்கடியில் இருந்தது, தப்பாக எழுதினால் ஒரு தடவலில் அழிந்தது, பக்கத்தில் திருத்த ஓர் ஆள் இருந்தான்.

இங்கிலாந்து இதில் எதை விரும்பி எடுத்துக்கொண்டது? செலவு குறைவு என்பதை. ஒரே ஒரு ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவில் சம்பளமில்லாத சட்டாம்பிள்ளைகள். தொழிற்சாலை யுகத்துக்கு அது வசதியாக இருந்தது. கல்விக் கருவி எதுவானாலும் அதை வாங்குகிறவர்களின் கண் முதலில் இங்கேதான் போகிறது: இது வந்தால் எத்தனை ஆசிரியர்கள் இல்லாமல் சமாளிக்கலாம்? ஓராசிரியர் பள்ளிகள் இன்னும் இருக்கிற நாட்டில், ஒரு திரையை மாட்டிவிட்டு இரண்டாவது ஆசிரியர் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது எளிது.

இப்போது திரைகளுக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கென 22,931 திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் என்று அரசு கணக்குச் சொல்கிறது. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் குறியீடு. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. 2023-ல் மணற்கேணி செயலி. எந்தப் பெரிய மாநிலத்தோடு ஒப்பிட்டாலும் இது குறைந்த முயற்சியல்ல, பாடநூல் அச்சின் தரமே அந்த ஆண்டுகளில் ஒரு படி ஏறியது. என் சந்தேகம் எண்ணிக்கையைப் பற்றியதல்ல. ஸ்மார்ட் போர்டில் காணொளி ஓடும்போது வகுப்பில் யாருடைய கை வேலை செய்கிறது என்பதுதான். பெரும்பாலும் ஒருவருடைய கைகூட இல்லை. ஆசிரியர் ஓடவிடும் பொத்தானை அழுத்திவிட்டு ஓரமாக நிற்கிறார். பிள்ளைகள் பார்க்கிறார்கள். காணொளி தன் வேகத்தில் போகிறது. மூன்றாவது வரிசைப் பையனுக்கு நடுவில் ஒரு சொல் புரியாமல் போனது அதற்குத் தெரியாது. கரும்பலகையில் எழுதும் வாத்தியாருக்கு அது முதுகிலேயே தெரிந்துவிடும். பாதியில் திரும்பி, “ஏல, அங்க என்ன பேச்சு?” என்பார்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஆசிரியை ஒருவர் இதை வேறு விதமாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருள். 2001-ல் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்ற ஆஸ்திரியர் தொடங்கி வைத்தது. திரையில் ஒரு முக்கோணம், மூன்று கோணங்களின் அளவும் பக்கத்தில். ஆசிரியை மடிக்கணினியைத் தொடுவதில்லை. ஒரு பிள்ளை வந்து முக்கோணத்தின் உச்சியை இழுக்க வேண்டும், இன்னொரு பிள்ளை மூன்று எண்களையும் பலகையில் கூட்டிப் போட வேண்டும். எப்படி இழுத்தாலும் 180. ஒல்லியாக இழுத்தாலும் 180, குட்டையாக அமுக்கினாலும் 180. திடீரென்று ஒரு தடவை 180.01 வந்தது. வகுப்பே கொந்தளித்துவிட்டது. “டீச்சர், தப்பு! கம்ப்யூட்டர் தப்பு!” ஆசிரியை அதற்காகவே காத்திருந்ததுபோல் உட்கார்ந்துகொண்டார். திரையில் தெரிவது இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கிய எண், உள்ளே இருக்கும் எண் அதைவிட நீளமானது, மூன்று சுருக்கல்களைக் கூட்டும்போது ஒரு துளி ஏறும் அல்லது இறங்கும் என்ற இடத்துக்கு அவர்களாகவே வந்து சேர மிச்சப் பாடவேளை முழுக்கப் போயிற்று. பாடத்திட்டப்படி அன்றைக்கு முடிக்க வேண்டிய பயிற்சிக் கணக்கு முடியவில்லை. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 என்று பாடநூலே சொல்லிவிடுகிறது. அந்த 0.01 எந்தப் பாடநூலிலும் இல்லை.

இதற்கு உயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பழைய மடிக்கணினி ஒன்றும் இழுக்கப் பிள்ளைகளும் போதும். அறிவியலுக்கும் இப்படிச் செய்யலாம். முளைப்பைக் காட்டும் அசைபடம் எங்கோ விளைந்த அவரை விதையைக் காட்டுகிறது. பள்ளிச் சுவருக்கு அப்பால் பிசானத்துக்கு நாற்றங்கால் பாவியிருக்கிறார்கள். அசைபடத்தை நிறுத்த வேண்டாம். நாற்றங்காலைத் தினமும் ஒரே வரப்பில் நின்று ஒரு படம் எடுத்து வரச் சொல்லி, மூன்று வாரம் கழித்து எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டிக் காட்டினால் அதுவும் அசைபடம்தான். பிள்ளைகள் எடுத்த அசைபடம். அதில் நடுவில் இரண்டு நாள் படம் இருக்காது, ஞாயிறு, மழை. அதைப் பற்றியும் பேசலாம்.

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அப்போது கிண்டல் செய்தவர்கள் அதிகம். சினிமா பார்க்கிறார்கள், விற்றுவிடுகிறார்கள் என்றார்கள். கொஞ்சம் நடந்துதான் இருக்கும். ஆனால் தச்சநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான், அதுவும் பெண்பிள்ளையின் பெயரில். எனக்கு அதில் இருந்த வருத்தம் வேறு. அது பிளஸ் டூவில் கிடைத்தது. பள்ளிப் படிப்பு முடிகிற நேரம். வகுப்பறைக்குள் அதை வைத்து என்ன செய்வதென்று ஆசிரியர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லித்தரவில்லை. பெரு நாட்டில் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்த பெரிய திட்டத்தை ஆராய்ந்து 2012-ல் ஓர் அறிக்கை வந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் ஏறவில்லை என்பது அதன் முடிவு. பொருள் கைக்கு வந்தது, பக்கத்தில் ஆள் வரவில்லை.

பெருந்தொற்றின்போது இது வெளிச்சத்துக்கு வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. நகரத்தில் இணைய வகுப்பு; கிராமத்தில் கல்வித் தொலைக்காட்சி; பாபநாசத்துக்கு மேலே மயிலாற்றிலும், காரையாறு அணையின் நீர்ப்பரப்பைக் கடந்து போக வேண்டிய இஞ்சிக்குழியிலும் இருக்கும் காணிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு சிக்னலே எட்டாக் கனி. திறந்தபின் மாநிலம் செய்த பெரிய காரியம் புதுச் செயலி அல்ல. ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற பெயரில் ஊர் ஊராகத் தன்னார்வலர்களை அமர்த்தியது. பெரும்பாலும் படித்த பெண்கள், அதே தெருக்காரர்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாலையில் கோயில் முன்னாலோ வீட்டு முற்றத்திலோ இருபது பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2022-ல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள்: பின்தங்கிய படிப்பில் மூன்றில் இரண்டு பங்கை ஆறு மாதத்துக்குள் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. ஜான் ஃபிரிஸ்கனை ஞாபகப்படுத்தும் ஏற்பாடு. அந்தப் பெண்களில் பலரிடம் கைபேசி இருந்தது, பாடத்துக்கு அதிலிருந்து படமும் பாட்டும் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து திருத்தியது அவர்கள்தாம்.

ஆசிரியரின் கைபேசிக்கு மட்டும் வேறு வேலை. காலை மணி அடித்ததும் எமிஸ் என்ற கல்வித்துறைத் தளத்தில் வருகைப் பதிவு, பிறகு மதிப்பெண், விலையில்லாப் பொருள் விவரம், பயிற்சி விவரம். ஆசிரியர் சங்கங்கள் இதை எதிர்த்துப் போராடியிருக்கின்றன, அரசும் சிலவற்றைக் குறைப்பதாகச் சொன்னது. கற்பிக்கக் கொடுத்த கருவி கணக்கெழுதும் பேரேடாக மாறினால் முதலில் பறிபோவது முதல் பாடவேளைதான்.

மாணவனின் கைபேசியைப் பற்றித் திருநெல்வேலிக்காரர் யாரும் வெள்ளந்தியாகப் பேச முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்களில் கூடப் படித்த பையன்கள் இருந்தார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு, மோதிரம், பொட்டு இவற்றோடு பள்ளி வளாகத்தில் மாணவர்களின் கைபேசிக்கும் தடை வேண்டும் என்பது பரிந்துரைகளில் ஒன்று. காரணம் விளங்குகிறது. மணிக்கட்டில் கட்டிய கயிற்றை வாத்தியார் அறுத்துவிடலாம். அதே நிறம் வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் ரீல்ஸிலும் ஏறிவிட்டால் என்ன செய்வார்? ஆனால் தடைக்கு ஆதரவாக நான் கை தூக்கும்போதே இன்னொரு பள்ளி ஞாபகத்துக்கு வந்து தடுக்கிறது. அங்கே கைபேசியைப் பிடுங்கினால் புத்தகத்தைப் பிடுங்கியதாகிவிடும்.

பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு சந்தோஷம். கல்லூரிகளை வைத்துச் சொல்கிறோம். என்னைக் கேட்டால் அந்தப் பெருமைக்கு ஆக மூத்த உரிமை இரண்டு சிறப்புப் பள்ளிகளுக்கு உண்டு. 1890-ல் ஆன் ஜேன் ஆஸ்க்வித் பார்வையற்றோருக்குத் தொடங்கியது ஒன்று. அதே பத்தாண்டில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதவர்களுக்குத் தொடங்கியது இன்னொன்று. கருவி பாடத்துக்கு எப்படி உதவும் என்ற கேள்வி இந்த இரண்டு வளாகங்களிலும் நூற்று முப்பது வருஷமாகத் தினசரிக் கேள்வி.

பிரெயில் பலகையில் எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். தடித்த தாளைச் சட்டத்தில் மாட்டி, ஊசிமுனை எழுதுகோலால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போகிறார்கள், ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டு. தாளைப் புரட்டினால் புள்ளிகள் மேடாக எழும்பி இடமிருந்து வலமாக வாசிக்க வரும். 1951-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த பாரதி பிரெயிலில் மெய் முதலில், உயிர் பிறகு. அச்சில் நாம் ‘கொ’ எழுதும்போது கொம்பைப் போட்டு, ககரத்தைப் போட்டு, காலை இழுத்து, உயிரைக் கிழித்து மெய்யின் இரு பக்கமும் வைக்கிறோம். பிரெயிலில் அந்தக் குழப்பமே கிடையாது. கணினியில் யூனிகோடு தமிழைச் சேமிக்கும் வரிசையும் இதுதான், மெய்க்குப் பின்தான் உயிர்க்குறி.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் தமிழ் முதுகலை படிக்கும் பார்வையற்ற மாணவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய மடிக்கணினியில் இருப்பது என்விடிஏ என்ற திரைவாசிப்பான். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-ல் தொடங்கி, ஜேம்ஸ் டெ என்ற இன்னொரு பார்வையற்ற இளைஞரோடு சேர்ந்து வளர்த்தது, காசில்லை. அவர் கேட்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. சோளம் பொரிகிற சத்தம். இரண்டு மாதத்தில் நூலகத்தின் ஒரு அலமாரியைக் காதாலேயே முடித்துவிடுவார் போலிருந்தது.

“நல்ல வசதிதான?” என்றேன்.

“வசதிதான் சார். ஆனா கறியா கரியா, காதுல ரெண்டும் ஒண்ணுதான். பிரெயில்ல விரல் வச்சாத்தான் எந்த ர-ன்னு தெரியும். சின்னப் பிள்ளைல பிரெயில் படிச்சதால தப்பிச்சேன். இப்ப வாறவங்க நேரா போன்ல ஆரம்பிக்கிறாங்க, அவங்களுக்கு எழுத்தே தெரியாமப் போயிரும்.”

நெல்லைப் பேச்சில் பழம் ‘பளம்’தான். கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு ழகரம் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு எழுத்தாக உச்சரிக்கச் சொல்லித் திரைவாசிப்பானைக் கேட்கலாம். ஒரு நாவல் முழுக்க யார் அப்படிக் கேட்பார்கள்? மணலில் விரல் வைத்து எழுதிய பிள்ளைக்குக் கிடைத்த ஏதோ ஒன்று கேட்கிற கல்வியிலும் பார்க்கிற கல்வியிலும் நழுவுகிறது என்பதை அவரிடம்தான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். விரலுக்கடியில் புள்ளிகள் எழும்பி விழும் மின்னணுப் பிரெயில் பட்டைகள் இருக்கின்றன. விலை கேட்டால் மாணவர்கள் சிரிக்கிறார்கள்.

அவருடைய அன்றாடச் சிக்கல் இதைவிட அற்பமானது. 2010-ல் யூனிகோடை ஏற்று அரசாணை வந்த பிறகும் ஏகப்பட்ட வினாத்தாள்களும் குறிப்புகளும் இன்னும் பாமினியிலோ வானவில்லிலோ அடிக்கப்படுகின்றன. இவை ஆங்கில விசைகளுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திய எழுத்துருக்கள். பாமினியில் கண்ணுக்கு ‘அம்மா’. திரைவாசிப்பானுக்கு ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’. க்யூஆர் குறியீட்டைத் தொட்டுக் காணொளிக்குப் போனால் அங்கே ஒருவர், “இதோ இந்தப் பக்கத்தில் இருப்பதை அந்தப் பக்கம் கொண்டு போனால்...” என்கிறார். எதை, எங்கே? சொல்லும்போது பெயரையும் சேர்த்துச் சொன்னால் போதும், செலவில்லை. ஸ்வெய்ன்சன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே காணொளியில் தமிழ் எழுத்தோட்டம் வேண்டும். அதற்கும் பெரிய செலவில்லை. கடைசி பெஞ்சில் இருக்கிற பார்வையுள்ள பையனுக்கும் இரண்டும் பயன்படும் என்பது தனி.

பேச்சு முடியும் நேரத்தில் அவர் கேட்டார்: “சார், உங்க பத்திரிகை எந்த எழுத்துருல வருது?”

சிறுபத்திரிகைகள் பலவும் வடிவமைப்பாளரின் பழைய எழுத்துருவில்தான் வருகின்றன. இந்த இதழும் அப்படித்தான். பிடிஎஃப் அனுப்பினால் அவருக்கு எம், கே, அரைப்புள்ளிதான். இந்தக் கட்டுரையை யூனிகோடில் அடித்தேன். பக்கம் கட்டுமுன் இதழாசிரியருக்கு அனுப்பிய அதே கோப்பை அவருக்கும் அனுப்பிவிட்டேன். ரகர றகரத்தையும் அவர் பார்க்க வேண்டுமென்றால் பிரெயிலில் ஒரு படி எடுக்க வேண்டும். கேட்டால் அடித்துக் கொடுக்கிற பிரெயில் அச்சுப்பொறி பாளையங்கோட்டையில் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.